ஜன்னலுக்கு வெளியே நின்ற புள்ளி

ஹைமவதிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்கு ஆய்வுக் குழுவின் முன்னால் நின்றபோது இரண்டு காதும் செக்கச்செவேல் என்று இருந்தன. எதிரே பேராசிரியர் பத்மநாபம், தெலுங்கு மரியாதையில் பத்மநாபம் காரு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மறுபடி மாட்டி, திரையில் இருந்த அவளுடைய வேதிப்பொருளின் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

“இது என்னோட காம்பவுண்டும்மா. நீ ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன காலத்துலயே நான் பேப்பர் போட்டாச்சு. புள்ளிக்குப் புள்ளி அதே படம். இதுல நீ புதுசா என்னத்தைக் கண்டுபிடிச்சே?”

“பொருள் ஒண்ணுதான் சார், ஒத்துக்கறேன். ஆனா நீங்க வரைஞ்ச அமைப்பு சரியில்லை. உள்ள ஒரு கீட்டோன் இருக்கணும்.”

ஹைமாவின் வழிகாட்டி ஆஞ்சநேயுலு காரு சட்டென்று தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அவரே பத்மநாபத்திடம் படித்தவர். தலை நரைத்த பிறகும் அவர் எதிரே உட்காரும்போது நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார்.

“கீட்டோனா? எங்கே? காட்டு பாப்போம்” என்றார் பத்மநாபம்.

அவளால் காட்ட முடியவில்லை. அதுதான் தகராறே.

விஷயம் இதுதான். ஆதிலாபாத் காட்டு மரம் ஒன்றின் வேர்ப்பட்டையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, இடித்து, ஊறவைத்து, வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு சீசாவின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வெள்ளைப் பொடி எடுத்திருந்தாள் ஹைமா. அதன் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, உள்ளே இருக்கும் அணுக்கள் திருப்பி என்ன முணுமுணுக்கின்றன என்று கேட்க வேண்டும். அந்த முணுமுணுப்பைக் கணினி ஒரு படமாகப் போட்டுக் கொடுக்கும். எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் பக்கத்து வீடு என்று அந்தப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கார்பன் என்ன ஜாதி என்பதைப் புள்ளி நிற்கும் எண்ணே சொல்லிவிடும். கீட்டோன் என்றால் ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும் கார்பன், அது இருநூறுக்கு மேலே நிற்கும். ஹைமாவின் படத்தில் அங்கே ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் இருபத்தெட்டில் அநாதையாக ஒரு புள்ளி நின்றது. பத்மநாபத்தின் பழைய படத்திலும் அதே இருபத்தெட்டு. அதை வைத்துத்தான் அவர் ஒரு வளையத்தை வரைந்து, பத்திரிகையில் போட்டு, பாராட்டும் வாங்கியிருந்தார்.

அவர் சொன்னது சரியென்றால் ஹைமாவின் ஆய்வேட்டில் புதிது என்று சொல்ல ஒரு மண்ணும் இல்லை. கொடுக்க வேண்டிய நீட்டிப்பையெல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்துத் தீர்த்துவிட்டது. குழு அடுத்த மாதம் கடைசியாக ஒருமுறை கூடும். அதிலும் காட்ட முடியாவிட்டால் பதிவு ரத்து. கரீம்நகரில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் ஆஞ்சநேயுலு காரு குரலைத் தாழ்த்தினார். “அம்மா ஹைமா, அவரு சொன்னதை ஏத்துக்கிட்டு வேற ஏதாச்சும் சின்னதா ஒரு அத்தியாயம் சேர்த்துரலாமே? எதுக்கு அவரோட மல்லுக்கு நிக்கணும்?”

“சார், ஹைட்ரஜன் அளவுல ரெண்டு தசம் ஒண்ணுல ஒரு மெத்தில் தொகுதி நிக்குது. அது நிக்கிற இடத்தைப் பாத்தா பக்கத்துல கீட்டோன் இருக்குன்னு எம்எஸ்சி பொண்ணு கூடச் சொல்லிடும். நீங்களே எனக்குக் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தீங்க.”

“சொல்லிக் கொடுத்தேன்தான். அதுக்காக இப்படியா புடிச்சுக்குவே?” என்று அலுத்துக்கொண்டு போனார் மனிதர்.

காந்தம் இருக்கும் கட்டடத்துக்கு வாஜித் பாய்தான் ராஜா. மிர்சா வாஜித் என்று முழுப்பெயர். பழைய நகரத்துக்காரர், அந்தக் கருவிக்குப் பொறுப்பான அதிகாரி. கருவியில் நேரம் கேட்டு மொத்த ஹைதராபாத்தும் அவர் வாசலில் நிற்கும். அவரோ இரானி டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே எல்லாரையும் விரட்டுவார்.

“வாஜித் பாய், இன்னொரு தடவை ஓட்டணும். இந்தத் தடவை நிறைய நேரம் வேணும். கீட்டோன் புள்ளி ரொம்பச் சன்னமா இருந்து தெரியாம போயிருக்கும்னு நினைக்கிறேன்.”

“நேரமா? ஏம்மா, இங்க என்ன நேரம் மரத்துலயா காய்க்குது? எல்லாரும் எப்படி ஓட்டுறாங்களோ அப்படி ஓட்டு. ‘வேகம்’ இருக்கில்ல, அதைப் போடு, முடி, கிளம்பு.”

வேகம் என்பது ஒரு கோப்பின் பெயர். இங்கே யாரும் அளவுக்குறிப்புகளை முதலிலிருந்து போடுவதில்லை. முந்தினவன் ஓட்டியதை அப்படியே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வரிசை நீண்டு கிடந்த ஒரு காலத்தில் எந்தப் புண்ணியவானோ சீக்கிரம் முடிக்க ஒரு கோப்பு செய்து அதற்கு வேகம் என்று பெயர் வைத்திருந்தான். அவன் எங்கே போனானோ தெரியாது, கோப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஹைமாவும் இத்தனை நாளும் அதைத்தான் நகல் எடுத்திருந்தாள். கருவி அறையில் அதைக் கேள்வி கேட்பது சாமியைக் கேள்வி கேட்பது மாதிரி.

கிடைத்த நேரத்துக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்க முடியுமா என்று பார்க்கத்தான் அவள் கோப்பைத் திறந்தாள். எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தவள் ஓர் எண்ணில் அப்படியே நின்றுவிட்டாள்.

கார்பன் பக்கம் எவ்வளவு தூரம் கேட்பது என்பதற்கு ஒரு ஜன்னல் உண்டு. பூஜ்யத்திலிருந்து இருநூற்றிருபது வரை திறந்து வைப்பதுதான் முறை. இந்தக் கோப்பில் அது நூற்றெண்பதோடு மூடியிருந்தது. ஜன்னல் சின்னதானால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா, அதற்காக மேல்பக்கத்தை வெட்டியிருக்கிறான் அந்தப் புண்ணியவான். இவர்கள் துறையில் வழக்கமாக வரும் பொருள்களுக்கு நூற்றெண்பதுக்கு மேலே சரக்கே இருக்காது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் எண் அச்சாகித்தான் வரும், ஆனால் ஓரத்தை யார் பார்க்கிறார்கள்?

ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கார்பன் சும்மா காணாமல் போய்விடாது. பன்னிரண்டு வரைக்கும்தான் எண் போட்ட கடிகாரத்தில் பதின்மூன்று மணி ஒன்றாகத் தெரிகிற மாதிரி, அது கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து, சம்பந்தமில்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நூற்றெண்பதையும் இருபத்தெட்டையும் கூட்டிப் பார்த்தாள். இருநூற்றெட்டு. கீட்டோன் நிற்க வேண்டிய இடம்.

“அடப்பாவிகளா!” என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

வாஜித் பாய் டீயைக் கீழே வைத்தார். “என்ன, என் மெஷினைத் திட்டுறியா?”

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப் போனது. “என் மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“மெஷின் பொய் சொல்லலை பாய். நூத்தெண்பது வரைக்கும் மட்டும் சொல்லுன்னு நாமதான் அதோட வாயைக் கட்டினோம். பாவம், அது வேற என்ன பண்ணும்?”

“சரி, இது நிஜம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“ஜன்னலை ஒரு பத்து அகலமாக்குவோம். நிஜப் புள்ளியெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். வெளியிலேர்ந்து சுத்தி வந்தது மட்டும் பத்து கீழே இறங்கும். திருடன் மட்டும்தான் ஓடுவான்.”

வாஜித் பாய் தாடியைத் தடவினார். கருவியைச் சரிபார்ப்பதற்கென்று தனக்கு வைத்திருந்த பகல் நேரத்தைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார். மனிதருக்குக் கருவியின் மானம் தன் மானம்.

ஹைமா அன்றைக்கு எதிலும் அவசரப்படவில்லை. கண்ணாடிக் குழலை அலசி, ஈரம் போகக் காற்றில் உலர்த்தினாள். சீசாவின் அடியில் இருந்ததைச் சொட்டுச் சொட்டாகக் கரைத்து இறக்கினாள். குழலில் திரவம் எந்த உயரத்துக்கு நிற்க வேண்டுமோ அந்த உயரத்துக்கு நிறுத்தினாள். கொஞ்சம் குறைத்தால் சரக்கு கெட்டியாகும் என்று ஆசைப்பட்டுக் குறைத்தவர்களுக்குத் திரையில் சமிக்ஞைக் கோடெல்லாம் பிசைந்த மாவாக வந்து நின்ற கதை அவளுக்குத் தெரியும். குழலைத் துடைத்து உள்ளே இறக்கி, காந்தப்புலத்தைச் சமன் செய்ய உட்கார்ந்தாள். சும்மா ஒப்புக்குச் செய்யாமல், கோடு நூல் மாதிரி மெலிந்து நிற்கும்வரை விடாமல் செய்தாள். பிறகு ஜன்னலின் மேல் விளிம்பை நூற்றுத்தொண்ணூறுக்குத் தள்ளிவிட்டு ஓட்டினாள்.

கையில் இருந்தது துளி. அதனால் பகல் முழுக்க ஓடியது. மிளகாய் பஜ்ஜியை வாங்கி வைத்துக்கொண்டு, அதையும் தின்னாமல், திரை முன்னாலேயே தவம் கிடந்தாள். முடிந்ததும் கணக்கைப் போட்டுப் படத்தை விரித்தாள். கருவியின் இரைச்சல் மறையும்வரை படத்தின் அடிமட்டத்தை உயர்த்தினாள். மற்ற எல்லாப் புள்ளிகளும் இருந்த இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தன. அந்த ஒரு புள்ளி மட்டும் பதினெட்டில் நின்றது.

“ஓடிட்டான்! பாய், திருடன் ஓடிட்டான்!” என்று அவள் துள்ளிக் குதித்ததில் பஜ்ஜிப் பொட்டலம் கீழே விழுந்தது.

ஆஞ்சநேயுலு காரு வந்து பார்த்தார். கண் விரிந்தது. உடனே சுருங்கியும் விட்டது. “அவரு ஒத்துக்க மாட்டாரும்மா. உன் சரக்கு துளி, அதுல அழுக்கு, இது வெறும் இரைச்சல்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாரு.”

ஹைமா யோசித்தாள். அவர் சொன்னது நியாயம்தான். மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்து, ஆஞ்சநேயுலு காரு ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கையை ஆட்ட ஆட்ட, பத்மநாபத்தை அழைத்தாள்.

“சார், குழு கூடுறதுக்கு முன்னாடி நம்ம மெஷின் ரூமுக்கு ஒரு நடை வர முடியுமா? உங்க பொருள் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்காவா? பேப்பர் போட்டப்பதான் என்கிட்டயும் துளி. அப்புறம் சீசா நிறைய எடுத்தேன். வெள்ளை வெளேர்னு ஊசி ஊசியா இருக்கும். உன்னோடது மாதிரி சுரண்டி எடுத்த சரக்குன்னு நினைச்சியா?”

“அதையே கொண்டு வாங்க சார். என்னோடது வேண்டாம். உங்களோடதுலயே காட்டறேன்.”

“துணிச்சல்தான் உனக்கு” என்றார். “வர்றேன்.”

குழு கூடும் நாள் காலையில் குழுவினர் எல்லாரும் கருவி அறைக்கே வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? வாசலிலேயே வாஜித் பாய் தட்டை நீட்டினார்.

“வாட்ச், சாவி, பேங்க் கார்டு எல்லாம் இதுல போடுங்க சார். காந்தத்துக்கு ப்ரொபசர், ஸ்டூடண்ட் வித்தியாசம் தெரியாது.”

பத்மநாபம் முறைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். சீசாவைக் கொடுத்தார். ஊசி ஊசியாக மின்னியது. இவ்வளவு சரக்கு இருந்தால் பகல் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை, ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

ஹைமா முதலில் வேகத்தையே போட்டு ஓட்டினாள். இருபத்தெட்டில் புள்ளி, பழைய பேப்பரில் இருந்த மாதிரியே. பத்மநாபம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தீங்களா? நான் சொன்னது என்ன?”

“இப்ப ஜன்னலை அகலமாக்கப் போறேன் சார். எவ்வளவுன்னு நீங்களே ஒரு எண்ணு சொல்லுங்க. ஓட்டுறதுக்கு முன்னாடியே உங்க புள்ளி எங்க போகும்னு நான் சொல்றேன். தப்பாச்சுன்னா இப்படியே பஸ் ஏறிடுறேன். நீங்க என் பேரையே மறந்துடலாம்.”

ஆஞ்சநேயுலு காரு கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மநாபம் வேண்டுமென்றே கோணலான ஓர் எண்ணைத் தேடினார். “நூத்தித் தொண்ணூத்தேழு.”

“பதினொண்ணு” என்றாள் ஹைமா, மூச்சு விடாமல்.

கருவி ஓடியது. ஓடி முடிவதற்குள் ஹைமா மனசுக்குள் வேண்டாத தெய்வம் இல்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பத்மநாபம் டீ வேண்டாம் என்றுவிட்டார். திரைக்கு வெகு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் விரிந்தது. பத்மநாபம் எழுந்து, திரையின் மேலேயே விரலை வைத்து, ஓரத்தில் இருந்த அளவுகோல் வரைக்கும் நேர்கோடாக இழுத்துக்கொண்டு போனார். விரல் பதினொன்றில் போய் நின்றது.

வாஜித் பாய் “சுபானல்லா” என்றார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்” என்றாள் ஹைமா. “இப்ப முழுசாத் திறக்கறேன். இருநூத்திருபது வரைக்கும்.”

இந்தத் தடவை எல்லாரும் எழுந்து நின்றே பார்த்தார்கள். கீழே இருந்த புள்ளியைக் காணவில்லை. மேலே, இருநூற்றெட்டில், அந்த மெத்திலுக்கு நேர் எதிரே, குண்டாக, கறுப்பாக, ஒருத்தர் தயவும் இல்லாமல் நின்றது. சந்தேகமே இல்லை, கீட்டோன்தான். ஆஞ்சநேயுலு காரு தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டு, பிறகு தட்டியது யார் என்று தானே சுற்றுமுற்றும் பார்த்தார்.

பத்மநாபம் அளவுகோலில் இருநூற்றெட்டை இன்னொரு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். ஹைமா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்பார் என்று நினைத்தாள். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

“ஏம்மா, நானும்தானே இதே ரூம்ல வந்து ஓட்டினேன். இதே வேகம். ஓரத்துல இருந்த எண்ணை ஒரு தடவை பாத்திருந்தா போதும்.” தலையை ஆட்டினார். “பொருள் என்னோடதுதான். ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சது நீ. நான் வரைஞ்சது தப்பு. குழுவுல நானே சொல்றேன், எழுதிக்கங்க.”

ஹைமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக்கூடாது என்று நினைத்தாள், சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டையும் அடக்க முடியவில்லை, விட்டுவிட்டாள். வாஜித் பாய் அவளைப் பார்த்துக்கொண்டே கணினியில் வேகம் கோப்பைத் தேடிப் பிடித்து, எல்லார் கண் முன்னாலும் அழித்தார்.

தட்டிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த பத்மநாபம் திடீரென்று நின்றார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது. முகம் வெளுத்தது.

“ஹைமா... இதே கோப்பைப் போட்டு நான் இன்னும் நிறையப் பேப்பர் போட்டிருக்கேன். எல்லாத்தையும் திருப்பிப் பாக்கணும். நாளைக்கே சீசாவெல்லாம் எடுத்துட்டு வர்றேன். நீதான் கூட உக்காந்து பாத்துக் கொடுக்கணும்.”

ஹைமா தன் பையைத் திறந்து, குழுவினர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்து, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

“தாராளமா வாங்க சார். முதல்ல இதுல ஒரு கையெழுத்து. அப்புறம் வெளியே போய் வரிசையில நில்லுங்க, உங்க முறை வரும்போது கூப்பிடுறேன்.”

ஆஞ்சநேயுலு காருவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பத்மநாபம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே தாளை மேஜையில் பரப்பி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.